மூடுபனியில் கரடி: படம் ஏன் சாம்பலாக வருகிறது?

கேள்வி: குலசேகரத்தில் இருக்கிறேன். போன மாதம் விடியற்காலையில் பேச்சிப்பாறை தாண்டி ரப்பர் எஸ்டேட் வழியாகக் காரில் போனபோது ஒரு கரடி ரோட்டைக் கடந்து மேட்டில் போய் நின்றது. நல்ல மூடுபனி. 150-600 மி.மீ. ஜூம் லென்ஸில் இருபது படம் எடுத்தேன். எல்லாம் அழுக்குச் சாம்பல். கரடி வெறும் கரிப்பூச்சு. பாதிப் படத்தில் ஃபோகஸே இல்லை. இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போயிருக்க வேண்டுமோ? இதற்கு ஃபில்டர் ஏதாவது இருக்கிறதா?

பதில்: ஃபில்டருக்குக் காசைப் போடாதீர்கள். பனி என்பது காற்றில் மிதக்கும் நீர்த்துளி. எல்லா நிற வெளிச்சத்தையும் ஒன்றுபோல் சிதறடிக்கும். யூ.வி. ஃபில்டர் அதில் ஒன்றும் செய்யாது. பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் மாட்டினால், ஏற்கெனவே குறைவாக இருக்கும் வெளிச்சத்தில் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) போய்விடும், அவ்வளவுதான்.

சாம்பலுக்குக் காரணம், கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர். எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாகவே அது எடுத்துக்கொள்ளும். ஃபிரேம் முழுக்க வெள்ளைப் பனி இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கிவிடும். பனியும் கெட்டது, கரடியும் கரியாகிவிட்டது. மீட்டர் சொல்வதைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை +1 வையுங்கள். பனி அடர்த்தி என்றால் +1⅓ கூட. இது கரடி சின்னதாகத் தெரியும்போது. பாதி ஃபிரேமை அது அடைத்தால் கறுப்பும் வெள்ளையும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும், 0 போதும். முழுக்க அடைத்தால் மைனஸ் பக்கம் போக வேண்டும். ஹிஸ்டோகிராமில் (இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை என்று காட்டும் வரைபடம்) பனியின் மேடு வலது பக்கம் சாய்ந்திருக்கட்டும், ஓரத்தில் முட்டக் கூடாது. பிறகு திருத்த வசதியாக, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுங்கள். வெளிச்சத்துக்கான உணர்திறன், அதாவது ஐ.எஸ்.ஓ., 3200 என்றதும் பயப்பட வேண்டாம். ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் கீழே போய் நடக்கிற கரடி கலங்குவதைவிட, கொஞ்சம் புள்ளிபுள்ளியாக இருப்பது மேல்.

அப்புறம் ஃபோகஸ். கறுப்பு ரோமத்தின் நடுவில் ஃபோகஸ் புள்ளியை வைத்தால் லென்ஸ் முன்னும் பின்னுமாக ஓடிக்கொண்டே இருக்கும், பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, கரடியின் வெளுத்த மூக்குப் பக்கம் வையுங்கள். திரும்பி நின்றால் முதுகின் கருங்கோடு பனியோடு சேரும் விளிம்பில். குறுக்கே புல் இருந்தால் அதைத்தான் பிடிக்கும். அப்போது கையால் ஃபோகஸ் செய்வதே வேகம்.

சரி, பக்கத்தில் போவது. போனால் படம் தெளியும், அதை மறைக்கவில்லை. நடுவில் இருக்கும் பனி குறைகிறது அல்லவா? 600 மி.மீ. லென்ஸ் கரடியோடு சேர்த்து அந்தப் பனியையும்தான் பெரிதாக்கிக் காட்டும். ஆனால் நம் காட்டில் இருப்பது தேன்கரடி. கறையானும் எறும்பும் தேனும் பழமும் தின்கிற பிராணி, உங்களைத் தேடி வராது. அதற்கு மோப்பம் பலம், பார்வை மட்டம். காற்று உங்கள் பக்கம் அடித்தால் நீங்கள் நிற்பதே அதற்குத் தெரியாது. கைக்கெட்டும் தூரத்தில் திடீரென்று கண்டால் ஓடுவதைவிடப் பாய்வதற்கே வாய்ப்பு அதிகம். குட்டியை முதுகில் சுமக்கும் தாய் என்றால் சொல்லவே வேண்டாம். பனியில் இரண்டு பேருக்கும் கண் தெரியாது என்பதுதான் ஆபத்து. இன்னொன்று: அந்த நேரத்தில் எஸ்டேட்டுக்குள் ரப்பர் பால்வெட்டுகிறவர்கள் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போய்க்கொண்டிருப்பார்கள். நீங்கள் மிரட்டிவிட்ட கரடி அடுத்த சரிவில் அவர்கள் மேல்தான் போய் விழும்.

ஆகவே காரை விட்டு இறங்காதீர்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, கதவுக் கண்ணாடியை இறக்கி, அதன் மேல் ஒரு அரிசிப் பையை வைத்து லென்ஸைச் சாத்துங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். பனித்துளிதான் வெள்ளைப் புள்ளிகளாகப் பளிச்சிடும், கரடிக்கும் தொல்லை. ரோட்டை விட்டுக் காட்டுக்குள் போவது வேறு விஷயம். 2008-ல் அறிவித்த கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் ஏறத்தாழ 402 சதுர கிலோமீட்டர். அதற்குள் போய்ப் படம் எடுக்க, 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறை அனுமதி வேண்டும்.

தூரத்தில் இருந்தே என்ன செய்வது என்றால், பனியையே படமாக்குங்கள். 600-ஐ 200-க்கு இறக்குங்கள். வரிசை வரிசையாக மங்கிக்கொண்டே போகும் ரப்பர் மரங்கள், ஒரு ஓரத்தில் விரற்கடை அளவுக்குக் கறுப்பாகக் கரடி. என்னைக் கேட்டால் முகம் தெளிந்த குளோசப்பைவிட இதுதான் நம் மலையின் படம்.

ஏ.சி.யையும் போட்டுவிடாதீர்கள். ஒரு முறை நான் குளிர்ந்த காரிலிருந்து கேமராவை வெளியே நீட்டி, லென்ஸ் முழுக்க ஆவி படிந்து, துடைத்துத் துடைத்து நிமிர்ந்தபோது கரடி போயே போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் கேமராவைச் சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள், இந்த ஈரத்தில் ஃபங்கஸ் சீக்கிரம் பிடிக்கும்.

அடுத்த கரடி எப்போது வருமோ. அதுவரை மார்கழிக் காலையில் தோவாளைப் பக்கம் வயல்வெளிக்குப் போய் எருமையை எடுத்துப் பழகுங்கள். வெள்ளைப் பனியில் கறுப்பு உருவம், அதே கணக்குத்தான். மூக்குதான் வெளுப்பாக இருக்காது, கொம்பைப் பிடித்து ஃபோகஸ் செய்துகொள்ளுங்கள்.