நெஞ்செரிச்சலுக்கு எதற்கு பயாப்ஸி?

கேள்வி: என் வயது 46. ஆறு மாதமாக நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம். எண்டோஸ்கோபி செய்தபோது உணவுக்குழாயிலிருந்து சதை எடுத்தார்கள். ‘பேசல் செல்கள் பெருகியுள்ளன, ஓரிரு ஈசினோஃபில்கள் உள்ளன, ரிஃப்ளக்ஸுடன் பொருந்துகிறது, பேரட் மாற்றம் இல்லை’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. செல்கள் பெருகினால் புற்றுநோயா டாக்டர்?

பதில்: இல்லை. உணவுக்குழாயின் உள்தோல் பல அடுக்குகளால் ஆனது. மேலடுக்கு அமிலம் பட்டுத் தேயும்போது, அதை ஈடுகட்ட அடியிலுள்ள பேசல் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. பழுது பார்க்கும் வேலைதான் அது. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்தை ‘டிஸ்பிளேசியா’ என்று எழுதுவார்கள்; நீங்கள் எழுதியதில் அந்தச் சொல் இல்லை.

‘பொருந்துகிறது’ என்று பட்டும் படாமலும் எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு. எடுப்பது கடுகளவு சதை. அதை மெழுகில் பதித்துச் சீவும்போது கொஞ்சம் சாய்ந்துவிட்டாலே பேசல் அடுக்கு தடித்தது போலத் தெரியும். போதாததற்கு, வயிற்றை ஒட்டிய கடைசி இரண்டு மூன்று சென்டிமீட்டரில் தொந்தரவே இல்லாதவர்களுக்கும் இந்த மாற்றம் இருப்பதுண்டு. நிஜமாகவே ரிஃப்ளக்ஸ், அதாவது அமில எதுக்களிப்பு, உள்ள பலருக்கு பயாப்ஸி நார்மலாகவும் வரும். அதனால் பயாப்ஸியை மட்டும் வைத்து ரிஃப்ளக்ஸை உறுதி செய்வதில்லை. சந்தேகம் நீடித்தால், மூக்கு வழியாக மெல்லிய குழாய் வைத்து 24 மணி நேரம் அமிலத்தை அளப்போம். 6 சதவீதத்துக்கு மேற்பட்ட நேரம் அமிலம் ஏறியிருந்தால் உறுதி.

அப்புறம் எதற்குச் சதை எடுத்தார்கள்? பெரும்பாலும் வேறு இரண்டு நோய்கள் இல்லையே என்று பார்க்கத்தான். ஒன்று, ஒவ்வாமையால் வரும் ஈசினோஃபிலிக் அழற்சி. இதில் ஈசினோஃபில் என்ற ஒருவகை வெள்ளை அணுக்கள் நுண்ணோக்கியின் ஒரே பார்வைப் புலத்தில் 15 அல்லது அதற்கு மேல் இருக்கும். உங்களுக்கு ஓரிரண்டுதான், ரிஃப்ளக்ஸிலும் அவ்வளவு வரும். ஆனால் பேண்டபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பயாப்ஸி எடுத்திருந்தால் எண்ணிக்கை குறைந்து காட்டலாம். சோறோ கறியோ அடிக்கடி நெஞ்சில் சிக்குகிறதா? அப்படியானால் அதையும், மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதையும் உங்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இன்னொன்று பேரட். உணவுக்குழாயின் தோல் குடல்தோல் போல மாறுவது. புற்றுநோய் அபாயம் சற்றுக் கூடும் என்பதால்தான் தேடுகிறோம். உங்களுக்கு இல்லை.

அமிலம் குறைக்கும் மாத்திரையைக் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு போடுங்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் பலன் குறையும். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள். விழுங்குவதில் சிரமம், காரணமில்லாத எடை இழப்பு, கறுத்த மலம் இருந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.