அமெரிக்காவின் போர்ட்லாண்டில் (ஓரிகன்) சனிக்கிழமை பஸ்சிலும் ரயிலிலும் போனதற்கு, ஒரு நாள் வரம்பான 5.60க்குப் பதில் 8.40 டாலர் ஏன் போனது?

கட்டணக் கருவியில் போனையும் வங்கிக் கார்டையும் மாற்றி மாற்றித் தட்டியிருப்பீர்கள். ஒரே வங்கிக் கணக்குதான் என்றாலும் ஹாப் என்ற அந்தக் கட்டணக் கருவிக்கு அவை இரண்டு தனித்தனிப் பயணிகள். ஒரு தட்டலுக்கு 2.80 டாலர், அது இரண்டரை மணி நேரம் செல்லும், 5.60க்கு மேல் அன்றைக்குப் பிடிக்காது என்ற வரம்பு ஒவ்வொன்றுக்கும் தனி. போனில் இரண்டு முறை, கார்டில் ஒரு முறை பிடித்திருந்தால் கணக்கு சரியாக 8.40 வருகிறது.

வங்கிச் செயலியில் அந்தச் சனிக்கிழமை வரிகளைப் பாருங்கள். கூகுள் பே வழியாகப் போனதும் நேரடிக் கார்டில் போனதும் கலந்திருந்தால் காரணம் அதுதான்.

ஞாயிறன்று போகும்போது போனோ கார்டோ, ஒன்றையே கடைசிவரை தட்டுங்கள். மழையில் நனைந்த கையோடு போனைத் தடவி, அது திறக்காமல் கார்டை எடுப்பதில்தான் பலருக்கும் இது நடக்கிறது. பேசாமல் கார்டே மேல். மேக்ஸ் ரயிலுக்கு ஏறும் முன் பிளாட்பாரத்திலேயே தட்ட வேண்டும், பஸ்சிலும் ஸ்ட்ரீட்கார் என்ற தெரு டிராமிலும் உள்ளே ஏறியதும்.

கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் ஏரியல் டிராமுக்குக் கட்டணம் தனி, இந்த வரம்பில் சேராது. அப்புறம், மாலையில் பீர் கடைகளுக்குப் போவதென்றால் அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். போனில் உள்ள படத்தைக் காட்டினால் ஊற்ற மாட்டார்கள்.