குடும்பத்துக்கு ஐந்தாம் இடமா?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு 58 வயது. இன்னும் சில மாதங்களில் ஓய்வு பெறுகிறேன். ஓய்வு பெறப் போகிறவர்களுக்காக அலுவலகத்தில் ஒருநாள் வகுப்பு வைத்தார்கள். அங்கே ஒரு தாள் கொடுத்தார்கள். உடல்நலம், குடும்பம், பணம், மனநிம்மதி, நட்பு, வேலை, சுதந்திரம், மரியாதை, இறைநம்பிக்கை, பொழுதுபோக்கு என்று பத்து விஷயங்கள். மகிழ்ச்சியான வாழ்க்கைக்கு எது முதலில், எது கடைசியில் என்று எண் போட வேண்டும். நான் யோசிக்கவே இல்லை. குடும்பத்துக்கு 1 போட்டேன்.

அந்தத் தாளை நகல் எடுத்து வந்து மனைவி, மகன், மகள் மூவருக்கும் கொடுத்தேன். கொடுத்திருக்கவே வேண்டாம். மனைவி மனநிம்மதிக்கு முதலிடம் கொடுத்திருக்கிறாள், குடும்பம் நான்காவது. மகன் பணத்துக்கு 1, குடும்பத்துக்கு 3. மகளுக்கு 22 வயது. அவள் நட்புக்கு 1, குடும்பத்துக்கு 5. ஐந்து!

முப்பது வருடம் நான் யாருக்காக ஓடினேன்? பதவி உயர்வு வந்தபோது வெளியூர் போக வேண்டும் என்றார்கள், குடும்பத்துக்காக வேண்டாம் என்று சொன்னேன். எனக்கென்று ஒன்றும் வாங்கிக்கொண்டது கிடையாது. எங்கேயும் தனியாகப் போனது கிடையாது. அப்படிப்பட்டவனுடைய வீட்டில் குடும்பத்துக்கு ஐந்தாம் இடம்.

கோபத்தில் மகளிடம், "உனக்கு ஃபீஸ் கட்டியது உன் ஃப்ரெண்ட்ஸா?" என்று கேட்டுவிட்டேன். அழுதுகொண்டே உள்ளே போனாள். இரண்டு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. மனைவியோ, "ஒரு தாளுக்கு இவ்வளவு சண்டையா?" என்கிறாள். தாளா பிரச்சினை? மனதில் இருப்பதுதானே தாளில் வரும்?

என் தாள் மட்டும் ரொம்பச் சரி என்று சொல்ல வரவில்லை. நட்புக்கு நான் 10 போட்டிருந்தேன், பொழுதுபோக்குக்கும் கீழே. மகள் அதைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா?" என்று கேட்டாள். எனக்கு இருந்தது ஒரே நண்பன், ஆறாம் வகுப்பிலிருந்து. இரண்டு வருடத்துக்கு முன்பு மாரடைப்பில் போய்விட்டான். வீட்டில் நான் அப்பா, அலுவலகத்தில் சார். "வாடா" என்று கூப்பிட இப்போது ஆள் இல்லை. அவன் நம்பர் இன்னும் என் போனில் கிடக்கிறது. அது வேறு விஷயம், விடுங்கள்.

நான் கேட்க வந்தது இதுதான். குடும்பம்தான் எல்லாவற்றிலும் முதல் என்று நினைப்பது தவறா? சரியான வரிசை எது? நீங்கள் சொன்னால் கேட்பார்கள். உங்கள் பதிலை வீட்டில் படித்துக் காட்டுவதாக இருக்கிறேன். முப்பது வருடம் உழைத்தவனுக்கு இந்த ஆறுதலாவது வேண்டாமா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்


அன்புள்ள ஐயா,

வீட்டில் படித்துக் காட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் தனியாக ஒருமுறை படித்துவிடுங்கள்.

"அது வேறு விஷயம், விடுங்கள்" என்கிறீர்கள். என்னால் விட முடியவில்லை. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த நான்கைந்து வரிகளைத்தான். ஆறாம் வகுப்பில் தொடங்கியது என்றால் ஏறக்குறைய 45 வருட நட்பு. உங்கள் திருமணத்தைவிட நீளமானது. அவர் போனதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். பதவி உயர்வை விட்டதற்கு அதைவிட அதிகம் எழுதியிருக்கிறீர்கள்.

அவர் இறந்தபோது யாராவது உங்களிடம் துக்கம் விசாரித்தார்களா? அநேகமாக அவர் மனைவியிடமும் பிள்ளைகளிடமும் விசாரித்திருப்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் நண்பனைப் பறிகொடுத்தவர் கூட்டத்தோடு நின்றுவிட்டு, மறுநாள் வேலைக்குப் போய்விடுகிறார். உறவினர் இறந்தால் விடுப்பு கேட்கலாம். நண்பர் இறந்தால் என்னவென்று கேட்பது? அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989ல் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார். தமிழில் 'அங்கீகாரம் கிடைக்காத துக்கம்' எனலாம். ஊர் கவனிக்காத துக்கத்தை நாமும் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். அது உள்ளே கிடந்து, சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் கோபமாக வெளியே வருகிறது. உங்கள் வீட்டில் அது மகளுடைய தாளின் மேல் வந்து விழுந்திருக்கிறது.

மூன்று பேரும் குடும்பத்தைக் கீழே இறக்கினார்கள். நீங்கள் வெடித்தது மகளிடம் மட்டும். அவள் முதலில் எழுதிய சொல் நட்பு. உங்களுக்கு இப்போது இல்லாத ஒன்றை அவள் தன் முதல் செல்வமாக எழுதிக் கொடுத்தாள். ஐந்தாம் இடத்தைவிட அந்த முதலிடம்தான் உங்களைச் சுட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் நட்புக்குப் போட்ட 10ஐயும் நான் அப்படித்தான் படிக்கிறேன். அது அற்பம் என்று நினைத்துப் போட்ட எண்ணாக எனக்குத் தெரியவில்லை. கண்ணில் படாத இடத்தில் தள்ளி வைத்திருக்கிறீர்கள்.

சரி, வரிசைக்கு வருகிறேன். மில்டன் ரோக்கீச் என்ற உளவியலாளர் 18 விழுமியங்களைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லும் ஒரு முறையை உருவாக்கி, 1970களில் அதை விரிவாகப் பயன்படுத்தினார். குடும்பப் பாதுகாப்பு, உண்மையான நட்பு, மன அமைதி எல்லாம் அதில் உண்டு. மகிழ்ச்சியே அந்தப் பதினெட்டில் ஒன்று! ஒருவர் எதை முக்கியமாக நினைக்கிறார் என்று அறிவதற்கான கருவி அது. இன்னொருவர் விடைத்தாளைத் திருத்த அல்ல. நீங்கள் செய்தது திருத்தும் வேலை. வினாத்தாள் கொடுத்தீர்கள், விடையை மனதில் வைத்திருந்தீர்கள், மதிப்பெண் குறைந்ததும் கட்டிய ஃபீஸைச் சொல்லிக் காட்டினீர்கள். இதில் நான் உங்கள் மகளின் பக்கம்தான், ஐயா. அவள் உண்மையைச் சொன்னதற்குத் தண்டனை கிடைத்திருக்கிறது. அடுத்த முறை உங்களுக்குப் பிடித்த விடையை எழுதிக் கொடுத்துவிடுவாள். அது உங்களுக்குப் போதுமா?

22 வயதில் நட்பு முதலில் வருவதை அந்த வயதில் நீங்களே வாழ்ந்து பார்த்திருக்கிறீர்கள். அப்போது இந்தத் தாளை உங்களிடம் நீட்டியிருந்தால் என்ன எண் போட்டிருப்பீர்கள்?

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு நீண்ட ஆய்வு நடக்கிறது. 1938ல் தொடங்கியது. 724 ஆண்களை இளம் வயதிலிருந்து முதுமை வரை பின்தொடர்ந்தார்கள். 50 வயதில் தங்கள் உறவுகளில் நிறைவாக இருந்தவர்கள்தான் 80 வயதில் அதிக ஆரோக்கியமாக இருந்தார்கள். இதைக் கேட்டதும், பார்த்தீர்களா குடும்பம்தான் முதல் என்பீர்கள். உறவு என்று அவர்கள் சொன்னதில் நண்பர்களும் உண்டு. ஓய்வுக்குப் பின் மகிழ்ச்சியாக இருந்தவர்கள், கூட வேலை செய்தவர்களின் இடத்தில் புதிய தோழர்களைத் தேடிப் பிடித்தவர்கள் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. சில மாதங்களில் உங்களை "சார்" என்று கூப்பிடுகிறவர்களும் இருக்கமாட்டார்கள். மிச்சம் இருப்பது "அப்பா" மட்டும். அந்த ஒரு சொல்லின் மேல் மொத்தப் பாரத்தையும் இறக்கிவைக்கப் பார்க்கிறீர்கள். அதனால்தான் அது ஐந்தாம் இடத்தில் இருப்பதைத் தாங்க முடியவில்லை. நண்பன் இருந்த இடத்தைப் பிள்ளைகளால் நிரப்ப முடியாது. அது அவர்களுடைய அன்பில் உள்ள குறை இல்லை. பதினோரு வயதில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த ஒருவர் போய்விட்டார்.

மகன் பணத்தை முதலில் எழுதியதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. மனைவி மனநிம்மதி என்று எழுதியதை மட்டும் அப்படிக் கடந்துபோகாதீர்கள். அவருக்கு எதில் நிம்மதி குறைகிறது என்று கேளுங்கள். பதில் உங்களைப் பற்றியதாகவும் இருக்கலாம். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

புதிய நட்புகள் மெதுவாக வரட்டும், இப்போதைக்கு அவசரம் இல்லை. அதற்கு முன், நண்பருடைய வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள். இந்த இரண்டு வருடத்தில் நீங்கள் போயிருப்பதாகக் கடிதத்தில் இல்லை. அவர் மனைவிக்கும் அவரைப் பற்றிப் பேச ஆள் வேண்டும், உங்களுக்கும் வேண்டும். போனிலிருந்து அந்த எண்ணை அழிக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம் மகள். ஃபீஸைப் பற்றிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேளுங்கள், கூடவே விளக்கம் வேண்டாம். "ஏம்ப்பா?" என்று அவள் கேட்டாளே, அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்கள் நண்பரைப் பற்றி அவளிடம் சொல்லுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து ஆரம்பியுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்