டப்பா இறுக்கமா இருந்தும் அரிசியில் வண்டு ஏன்?

டப்பாவை மாத்த வேண்டாம், தப்பு அனேகமா அதுல இல்ல. சலிச்சு, வேப்பிலை போட்டு, இறுக்கி மூடியும் 3 வாரத்துல வண்டு வருதுன்னா, பெரும்பாலும் கடையிலேருந்தே அரிசியோட வந்திருக்கு.

பெண் வண்டு அரிசியைத் துளைச்சு உள்ளே முட்டை வெச்சு, ஓட்டையைப் பிசின் மாதிரி ஒன்னால அடைச்சிடும். புழு உள்ளேயே தின்னு வளர்ந்து, ஒரு மாசம் போல ஆனதும் வண்டா வெளியே வரும். நீங்க சலிச்சதும் வேப்பிலை போட்டதும் பலிக்காததுக்கு அதான் காரணம்.

அடுத்த மூட்டை பிரிச்சதும் ஒரு கைப்பிடியைத் தனி கண்ணாடி பாட்டில்ல போட்டு மூடி, ஒரு மாசம் பாருங்க. அதுலயும் வண்டு வந்தா, கடைச் சரக்குதான். வரலைன்னா உங்க டப்பா மூலையில பழைய அரிசியோட வண்டு தங்கியிருக்கலாம். கழுவி, ஈரம் போகக் காய வைங்க.

ஃப்ரீசர்ல இடம் இருந்தா, ரெண்டு ரெண்டு கிலோவா கட்டி -18 டிகிரியில 4 நாள் வைங்க, முட்டையும் செத்துடும். வெளியே எடுத்த உடனே பையைப் பிரிக்காதீங்க. குளிர் முழுசா விட்டப்புறம் பிரிங்க, இல்லேன்னா ஈரம் கோத்து பூஞ்சை பிடிச்சிடும்.

சுள்ளுனு அடிக்கிற வெயில்ல காய வெச்சா அரிசி நொய்யாகும். நிழல்ல உலர்த்தினா போதும்.