தொட்டிக்கட்டு வீட்டை இடிக்கலாமா? – கட்டடக் கேள்வி பதில்

கேள்வி: சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு இன்ஜினியரிடம் சைட் பார்க்கிறேனுங்க. வருசா வருசம் வெயில் ஏறுவதற்கு வீடு கட்டுகிற நாமும் ஒரு காரணம் என்கிறார்கள். சிமென்ட் என்ன புகையா விடுது? – வாசகர், பெருந்துறை

பதில்: விடுகிறது தம்பி. அது நடப்பது ஆலையில், அதனால் சைட்டில் நம் கண்ணுக்குப் படுவதில்லை. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரி சூட்டில் வேகவைத்துத்தான் சிமென்டுக்கான கிளிங்கர் என்கிற கட்டியை எடுக்கிறார்கள். எரிக்கிற நிலக்கரியின் புகை ஒரு பக்கம் இருக்கட்டும், பூமியைச் சூடாக்குகிற கரியமில வாயு கல்லுக்குள்ளேயே இருக்கிறது. சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 44 கிலோ வாயுவாகப் போய்விடும், எந்த எரிபொருளில் சுட்டாலும் அதே கணக்குதான். உலகில் மனிதர்களால் வெளியாகும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமென்டால் வருவது. மதுக்கரையிலும் சங்ககிரியிலும் சிமென்ட் ஆலையைப் பார்த்து வளர்ந்த நம்ம பக்கத்து இன்ஜினியர்களே இதைப் பற்றிப் பேசுவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

உங்களால் செய்ய முடிந்தது நிறைய இருக்கிறது. "எதுக்கும் இருக்கட்டும்" என்று பில்லரையும் பீமையும் பெருக்கிப் போடுகிற பழக்கத்தை விட்டு, ஸ்ட்ரக்சுரல் கணக்கு என்ன சொல்கிறதோ அதைப் போடுங்கள். வீடுகளுக்குச் சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமென்ட் தாராளமாகப் போதும். மேட்டூர் மாதிரி அனல்மின் நிலையங்களில் மிஞ்சுகிற சாம்பலை அதில் 35 சதவீதம் வரை சேர்க்கலாம், அந்த அளவுக்குக் கிளிங்கர் மிச்சம். ஆனால் அது மெதுவாகத்தான் பலம் பிடிக்கும், அதனால் குறைந்தது 10 நாள், நம்ம ஊர் வெயிலுக்கும் காய்ந்த காற்றுக்கும் 14 நாள் தண்ணீர் கட்டியே ஆகவேண்டும், தளத்துக்கு அடியில் நிறுத்திய முட்டுக்கால்களையும் அவசரப்பட்டுப் பிரிக்கக்கூடாது. போதும் என்று மேஸ்திரி சீக்கிரமே சொல்வார், விடாதீர்கள்.

கேள்வி: தோட்டத்துக்குள்ள எங்க மாமனார் காலத்து, நடுவுல திறந்த முற்றம் வெச்ச தொட்டிக்கட்டு வீடு இருக்குதுங்க. ஆசாரத்துல ரெண்டு கைமரத்தைக் கரையான் அரிச்சிருச்சு, மழை வந்தா ஒழுகுது. ஒரம்பறை வந்தா தங்க இடம் பத்தலை, இடிச்சுட்டு மாடி வீடாக் கட்டலாமுன்னு பசங்க சொல்றாங்க. என்ன பண்ணட்டுமுங்க? – வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: இடிக்காதீங்கம்மா. ஓடுகளைத் தாங்குகிற ரெண்டு கைமரம் போனதற்காக ஒரு வீட்டையே தள்ளுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அந்த வீட்டுக்கு ஆன மண், கல், மரம், ஓடு எல்லாம் என்றைக்கோ செலவாகி முடிந்தது. இடித்தால் அதெல்லாம் குப்பை, புதிதாகச் சிமென்டும் கம்பியும் செங்கல்லும் முதலிலிருந்து வரவேண்டும். அப்புறம் அந்த மாடி வீட்டில் மேல் தளம் பகலெல்லாம் சூட்டை வாங்கி ராத்திரி உள்ளே இறக்கும், ரூமுக்கு ஒரு ஏசி கேட்பார்கள், கரண்ட் பில்லும் புகையும் வீடு இருக்கிற வரைக்கும் தொடரும். இப்போது உங்கள் வீட்டில் கனமான சுவர் சூட்டைத் தாமதமாகத்தான் உள்ளே விடுகிறது, சூடான காற்று தொட்டி வழியாக மேலே போய்விடுகிறது.

முதலில் ஒரு இன்ஜினியரை அழைத்துச் சுவரையும் அஸ்திவாரத்தையும் பாருங்கள். சுவர் சாய்ந்து, அஸ்திவாரத்திலிருந்தே பிளந்திருந்தால் பேச்சு வேறு. நன்றாக இருந்தால் கைமரத்தை மட்டும் மாற்றி, ஓடுகளைப் பிரித்து மறுபடி வேய்ந்தால் ஒழுகல் நின்றுவிடும். மண் சுவரிலும் சுண்ணாம்புப் பூச்சிலும் சிமென்ட் பூசவே பூசாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிச் சுவரை உதிர்க்கும்.

ஒரம்பறைக்கு ஒட்டினாற்போல் ரெண்டு ரூம் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தளத்தை ஃபில்லர் ஸ்லாபாகப் போடச் சொல்லுங்கள். தளத்தின் அடிப்பாகத்து கான்கிரீட் கம்பியைப் பிடித்துக்கொள்வதைத் தவிர பெரிதாகச் சுமை தாங்குவதில்லை, அதனால் கம்பிகளுக்கு இடையே பழைய சீமை ஓடுகளை ரெண்டு ரெண்டாக அடுக்கி வைத்து கான்கிரீட்டைக் குறைக்கலாம். ஓடுகளுக்கு நடுவில் நிற்கிற காற்று சூட்டையும் தடுக்கும். கேரளத்தில் லாரி பேக்கர் என்கிற கட்டடக் கலைஞர் இதைப் பல வீடுகளில் செய்து காட்டினார்.

மேற்குப் பக்கம்தான் யோசிக்க வேண்டியது. வைகாசி கடைசியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றும் அங்கிருந்துதான், சாயங்கால வெயிலும் அங்கிருந்துதான். காற்று வேண்டும், வெயில் வேண்டாம். அகலமான கண்ணாடி ஜன்னல் வைக்காமல், ஆழமான சன்ஷேடு போட்டுச் சின்னத் திறப்புகள் விடுங்கள், பாத்ரூமையும் சாமான் ரூமையும் அந்தப் பக்கம் தள்ளுங்கள், கொஞ்சம் எட்ட ரெண்டு புங்க மரம் வையுங்கள்.

கேள்வி: தறிக்குடோனுக்கு சிமென்ட் ஷீட் கூரை. மத்தியானம் உள்ளே நிற்க முடியலைங்க. சோலாரும் போட ஆசை. – வாசகர், பல்லடம்

பதில்: வெள்ளையடியுங்கள், வேறெதற்கும் முன்னால் அதுதான். சுண்ணாம்பு மழையில் கரையும், வருசம் ஒருமுறை மாசியில் அடிக்கவேண்டும். கூல் ரூஃப் பெயின்ட் செலவு கூட, ஆனால் அதிக நாள் தாங்கும். ஷீட் பழையதோ புதிதோ, ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்ததாக இருக்கலாம், அதைச் சுரண்டுவதோ துளை போடுவதோ கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. முகட்டில் சூடு வெளியேற வழி வேண்டும், அதை மூடி வைத்திருந்தால் திறந்துவிடுங்கள். சோலார் பேனல் கூரைக்கு நிழலும் தரும். ஆனால் ஷீட்டின் மேல் வைக்காமல் இரும்புச் சட்டத்தில் நிறுத்தவேண்டும், அந்தச் சட்டம் ஆடிக் காற்றைத் தாங்குமா என்று இன்ஜினியரிடம் எழுதி வாங்கிக்கொண்டு ஆர்டர் கொடுங்கள்.