ஆங்கிலக் குறுக்கெழுத்தில் பழைய கவிதைகள் ஏன் ஓயாமல் வருகின்றன?

"மாலுமி எய்த பறவை" என்று ஒரு குறிப்பு, ஒன்பது எழுத்து. 1798இல் வெளிவந்த, ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் கதைப்பாடலைப் படித்தவர் யோசிக்காமல் ஆல்பட்ராஸ் என்று நிரப்பிவிடுவார். கதைப்பாடல் என்றால் கவிதையாகச் சொல்லப்பட்ட கதை. அதைப்போலவே புதிரில் அடிக்கடி வரும் பிதற்றல் கவிதை என்றால் இலக்கணமும் சந்தமும் ஒழுங்காக இருந்து, பொருள் மட்டும் விளையாடுவது.

இவற்றைப் புதிர் போடுபவர்கள் விரும்பக் காரணம், விடை ஒன்றே ஒன்றுதான். கல்யாண மண்டபத்தில் "வேட்டி கட்டினவரே" என்று கூப்பிட்டால் நூறு பேர் திரும்புவார்கள். "மாப்பிள்ளை" என்றால் ஒருவர்தான். "பறவை" என்று மட்டும் கேட்டால் ஆயிரம் விடை. மாலுமி வந்துவிட்டால் சண்டையே இல்லை.

பிதற்றல் கவிதை எழுதிய எட்வர்ட் லியரின் ஆந்தையும் பூனையும் பாட்டு இதற்குப் பெரிய சுரங்கம். படகின் நிறம்? பட்டாணிப் பச்சை. மோதிரத்தை ஒரு ஷில்லிங்குக்கு விற்றது? பன்றி. கல்யாண விருந்தை எதனால் சாப்பிட்டார்கள்? ரன்சிபிள் (லியர் இட்டுக்கட்டிய சொல்) ஸ்பூனால். இந்தக் கடைசி ஒன்று புதிர்க்காரர்களுக்கு அல்வா.

பிதற்றல் கவிதையில் லூயிஸ் கரோல் இன்னும் ஒரு படி மேல். 1871இல் வெளிவந்த அவருடைய 'த்ரூ தி லுக்கிங் கிளாஸ்' புத்தகத்தில் உள்ள 'ஸ்லைதி' என்ற சொல்லில் லைத் (துடிப்பான), ஸ்லைமி (வழுவழுப்பான) இரண்டும் ஒட்டிக்கிடக்கின்றன; அதே புத்தகத்தில் வரும் முட்டை மனிதர் ஹம்ப்டி டம்ப்டியே அப்படித்தான் பிரித்துச் சொல்கிறார். சொல்லை உடைத்து ஒட்டுவதுதானே குறுக்கெழுத்தின் வேலையும்!

அப்புறம், ரன்சிபிள் ஸ்பூன் என்றால் முள்கரண்டியும் ஸ்பூனும் சேர்ந்த ஒன்று என்று பலர் நம்புகிறார்கள். அது பின்னால் ஒட்டிக்கொண்ட பொருள். லியர் தொப்பியைக்கூட ரன்சிபிள் என்றுதான் எழுதினார்.