எதிர்வீட்டில் கரண்ட் இருக்கிறது, எங்கள் வீட்டில் ஏன் இல்லை?

கேள்வி: எதிர்வீட்டில் விளக்கு எரிகிறது, எங்கள் வீடு இருட்டு. ஒரே கம்பத்திலிருந்துதானே இரண்டு வீட்டுக்கும் கரண்ட் வருகிறது?

பதில்: கம்பம் ஒன்றுதான், ஆனால் அதில் ஓடும் கம்பிகள் வேறு. தெரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கரண்டைக் கொண்டுவரும் மூன்று பேஸ் கம்பிகளும், அது திரும்பிப் போகும் ஒரு நியூட்ரல் கம்பியும் புறப்படுகின்றன. சிங்கிள் பேஸ் இணைப்புள்ள வீட்டுக்கு மூன்றில் ஏதாவது ஒரு பேஸையும் நியூட்ரலையும் மட்டும் இழுத்துக் கொடுப்பார்கள். ஒரே பேஸில் எல்லா வீட்டையும் மாட்டினால் அது திணறும் என்பதால் அடுத்தடுத்த வீடுகளை மாற்றி மாற்றிப் பிரித்துவிடுவது வழக்கம். டிரான்ஸ்ஃபார்மரில் உங்கள் பேஸின் ஃபியூஸ் மட்டும் போயிருந்தால், அந்தத் தெருவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீடுகள் இருட்டாகும், மற்றவர்களுக்கு எதுவும் தெரியாது.

இதைவிடக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சில நேரம் கரண்ட் போகாமல் விளக்கு மங்கலாக எரியும், ஃபேன் சோம்பலாகச் சுற்றும். டிரான்ஸ்ஃபார்மருக்குள் வரும் உயரழுத்த லைனில் ஒரு ஃபியூஸ் போனால் வழக்கமான டிரான்ஸ்ஃபார்மர்களில் இப்படித்தான் ஆகும்: ஒரு பேஸ் முழுசாக இருக்கும், மற்ற இரண்டிலும் பாதி வோல்டேஜ்தான் வரும். பல்புக்கு அதனால் கெடுதல் இல்லை. ஃப்ரிட்ஜும் மோட்டாரும்தான் மாட்டிக்கொள்ளும். கிளம்ப முடியாமல் அதிக கரண்ட் இழுத்து, சூடேறி, சுருள் கருகிவிடும். விளக்கு மங்கினால் முதலில் அவற்றை அணையுங்கள், புகார் அப்புறம் சொல்லலாம்.

கேள்வி: கரண்ட் ஒரேயடியாகப் போகாமல், யாரோ சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பதுபோல் இரண்டு மூன்று தடவை வந்து வந்து போகிறதே, ஏன்?

பதில்: யாரும் விளையாடவில்லை, அது ஒரு கருவி செய்யும் சோதனை. மேலே போகும் லைன்களில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை நொடியில் தீர்ந்துபோகிறவை. கிளை உரசும், மின்னல் பாயும், இரண்டு கம்பிகள் காற்றில் ஒட்டிப் பிரியும். இதற்கெல்லாம் லைனை மொத்தமாக அணைத்துவிட்டு ஆள் வந்து பார்க்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அதனால் கோளாறு தெரிந்ததும் பிரேக்கர் என்ற அந்தக் கருவி லைனைத் துண்டிக்கிறது, கொஞ்சம் இடைவெளி விட்டுத் தானாகவே மறுபடி இணைத்துப் பார்க்கிறது. கோளாறு போயிருந்தால் கரண்ட் போகாமல் நிலைத்துவிடும், உங்களுக்கு விளக்கு ஒருமுறை சிமிட்டியதோடு சரி. இல்லையென்றால் மறுபடி துண்டிப்பு, மறுபடி முயற்சி. குறித்து வைத்த தடவைகள் முடிந்தும் கோளாறு அப்படியே இருந்தால் பிரேக்கர் பூட்டிக்கொள்ளும், அதற்கு மேல் ஆள் போய்த்தான் பார்க்க வேண்டும். முழுக்கப் பூமிக்கடியில் கேபிளாகப் போகும் இடங்களில் பொதுவாக இந்த முயற்சியைச் செய்வதில்லை, ஏனென்றால் கேபிளுக்குள் வந்த பழுது தானாகச் சரியாவதில்லை.

கேள்வி: வீட்டுக்கு வேண்டியது 230 வோல்ட். மின் நிலையத்திலிருந்து அதையே அனுப்பாமல் எதற்கு இத்தனை டிரான்ஸ்ஃபார்மர், இத்தனை துணை மின்நிலையம்?

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தெருவுக்கு 230 கிலோவாட் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டில் அனுப்பினால் கம்பியில் 1,000 ஆம்பியர் ஓட வேண்டும். அதே மின்திறனை 11,000 வோல்ட்டில் அனுப்பினால் சுமார் 21 ஆம்பியர் போதும். கம்பி சூடாகி வீணாகும் மின்சாரம் ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், அதே கம்பியில் இழப்பு ஏறத்தாழ 2,300 மடங்கு குறைகிறது.

1882-இல் எடிசன் நியூயார்க்கில் தொடங்கிய பேர்ல் தெரு மின் நிலையம் நேர்மின்னோட்டத்தைச் சுமார் 110 வோல்ட்டில் கொடுத்தது, அங்கிருந்து ஒரு மைல் தூரம் போவதே பாடாக இருந்தது. 1891-இல் ஜெர்மனியில் லாஃபனிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு 175 கிலோமீட்டர் தூரம் மூன்று பேஸ் மாறுமின்னோட்டத்தை டிரான்ஸ்ஃபார்மரால் வோல்டேஜ் உயர்த்தி அனுப்பிக் காட்டியபோது நேர்மின்னோட்டமா (DC) மாறுமின்னோட்டமா (AC) என்ற விவாதம் ஏறக்குறைய முடிந்துபோனது. இன்றைக்கும் அதே வழிதான். தூரம் போக 220, 400 கிலோவோல்ட் என்று உயர்த்துகிறார்கள், ஊருக்குப் பக்கத்தில் 33 அல்லது 11 கிலோவோல்ட்டுக்கு இறக்குகிறார்கள், தெருமுனையில் கடைசியாக ஒருமுறை இறக்குகிறார்கள். நாட்டுக்கு நாடு எண்கள் மாறும், அமெரிக்காவில் வீட்டுக்கு 120-உம் 240-உம் வருகிறது. முறை ஒன்றுதான்.

கேள்வி: நியூட்ரல் கம்பி அறுந்து பல வீடுகளில் டிவி எரிந்துபோனதாகக் கேள்விப்பட்டேன். நியூட்ரலில் கரண்டே இல்லை என்பார்கள், அது அறுந்தால் எப்படிச் சேதம் வரும்?

பதில்: நியூட்ரலில் கரண்ட் இல்லை என்பது ஆபத்தான தவறான எண்ணம். உங்கள் வீட்டுக்குள் பேஸ் வழியாக வரும் கரண்ட் அத்தனையும் நியூட்ரல் வழியாகத்தான் திரும்பிப் போகிறது. தெரு லைனில் மூன்று பேஸின் சுமையும் சரிசமமாக இருந்தால் அங்கே ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், ஆனால் வீடுகளின் சுமை எந்த நேரத்திலும் சமமாக இருப்பதில்லை. மீதி வித்தியாசம் நியூட்ரலில் ஓடிக்கொண்டே இருக்கும்.

இப்போது தெருவில் அந்த ஒரு கம்பி அறுகிறது. ஒரு பேஸில் உள்ள வீட்டில் 2,000 வாட் ஹீட்டர் ஓடுகிறது, இன்னொரு பேஸில் உள்ள வீட்டில் 100 வாட் டிவி மட்டும் ஓடுகிறது. திரும்பிப்போக வழி இல்லாததால் இரண்டும் தொடராகச் சேர்ந்து, இரண்டு பேஸுக்கு நடுவே இருக்கும் 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. பங்கு சமமாக இராது, தடை அதிகமுள்ள பக்கம்தான் அதிக வோல்டேஜ் விழும். ஹீட்டருக்கு வெறும் 19 வோல்ட் சொச்சம், டிவிக்கு 380 வோல்ட்! குறைவாக மின்சாரம் செலவழித்த வீடுதான் அதிகம் அடிவாங்குகிறது என்பது எனக்கு எப்போதும் உறுத்தும் விஷயம்.

இந்தக் கோளாறு முன்கூட்டியே அடையாளம் காட்டும். இணைப்பு தளர்ந்து, துரு ஏறி, முழுக்க அறுவதற்கு முன்பே சில பல்புகள் வழக்கத்துக்கு மாறாகப் பளிச்சென்று எரியும், பெரிய சாதனம் ஒன்றைப் போட்டதும் ஒரு விளக்கு மங்கி இன்னொன்று பிரகாசமாகும், ஃபேன் வேகம் சொல்லாமல் கொள்ளாமல் கூடும். அப்படிப் பார்த்தால் யோசிக்காமல் மெயினை அணைத்துவிட்டு மின் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். ஃபியூஸை நம்பி இருக்க வேண்டாம், அது கரண்ட் அதிகமானால் உருகுமே தவிர வோல்டேஜ் ஏறுவதைப் பார்ப்பதில்லை.

கேள்வி: சின்ன வொர்க்ஷாப் தொடங்குகிறேன். மூன்று பேஸ் இணைப்பு அவசியமா?

பதில்: பெரிய மோட்டார் இருந்தால் அவசியம். மூன்று பேஸும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக உச்சத்தைத் தொடுவதால் மோட்டாருக்குள் சுழலும் காந்தப்புலம் தானாகவே உருவாகிறது, கிளப்பிவிட கெபாசிட்டர் வேண்டியதில்லை, ஓட்டமும் சீராக இருக்கும். பெரிய தொழிற்சாலைகள் 11 அல்லது 33 கிலோவோல்ட்டிலேயே வாங்கிச் சொந்த டிரான்ஸ்ஃபார்மரில் இறக்கிக்கொள்கின்றன. உங்கள் அளவுக்கு அது வேண்டாம். சிங்கிள் பேஸ் சாதனங்களை மட்டும் மூன்றிலும் பிரித்து மாட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: கரண்ட் போனால் ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயரை எடுத்து வீட்டு பிளக் பாயிண்டில் செருகினால் எல்லா அறைக்கும் கரண்ட் வருமாமே?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. மெயினை அணைக்க மறந்துவிட்டால் நீங்கள் செருகும் 230 வோல்ட் மீட்டர் தாண்டித் தெருவுக்குப் போய், அங்கே தலைகீழாக ஏறி, கம்பத்தின் உச்சியில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக நிற்கும். லைன் அணைந்திருக்கிறது என்று நம்பி ஒரு லைன்மேன் அந்தக் கம்பியில் கை வைத்திருப்பார். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. லைன்மேன்கள் வேலைக்கு முன் கம்பியைச் சோதித்து எர்த் செய்ய (பூமியோடு இணைக்க) வேண்டும் என்ற விதி இதற்காகவும்தான், ஆனால் அவர்களுடைய கவனத்தை நம்பி நாம் அசட்டையாக இருக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டுமே இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்சை, உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்துங்கள்.

மாடியில் சோலார் வைத்திருப்பவர்கள், பட்டப்பகலில் வெயில் இருந்தும் தெருவில் கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறதே என்று குறைப்படுவதற்கும் காரணம் இதுதான். லைன் செத்ததும் இன்வெர்ட்டர் தானாக அணைய வேண்டும் என்றே அதை வடிவமைத்திருக்கிறார்கள். அப்போதும் வீட்டுக்கு மின்சாரம் வேண்டுமென்றால் பேட்டரியும், தெரு லைனிலிருந்து வீட்டை முழுக்கப் பிரித்துவிடும் வசதியும் உள்ள இன்வெர்ட்டர் வாங்க வேண்டியிருக்கும்.